முப்பது எழுத்துக்கு இடம்

சுமேலு மைகாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அவனோடு சண்டை போடுவதற்காகத்தான். மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில், பெரிய சந்தைக்குப் பின்னால் போகும் சந்தில், ஒரு மேசையும் குடையும் போட்டு போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் நெட்டையாக ஒருவன் தள்ளுவண்டியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்து இடத்தில் இறக்கினான். ஒரு வார்த்தை கேட்காமல் என் மின்சாரப் பெட்டியிலிருந்து ஒயரை இழுத்துத் தன் கம்ப்யூட்டருக்குச் சொருகினான். நான் எழுந்து போய், யாரப்பா நீ, உன் பெயர் என்ன என்று கேட்டேன்.

மைகா என்றான். வடக்கே ஆற்றங்கரையில் இருக்கும் காவோ ஊர்க்காரன், சொங்காய் இனம். நான் கிண்டோ என்றேன், தோமோ கிண்டோ. தோகோன் இனம், எங்கள் ஊர்ப்பக்கம் வெங்காயம்தான் பயிர். அதோடு சண்டை முடிந்துபோயிற்று. எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலி முறை உண்டு. ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"கிண்டோவா? அட, நம்ம வீட்டு வேலைக்காரன். அப்ப இது எங்க கரண்டுதான்யா. வெங்காயம் விக்கிறவனுக்கு எதுக்குக் கரண்டு?"

"ஆத்தங்கரையில பொறந்தும் மீன் புடிக்கத் தெரியாம ஓடி வந்தவனுக்குக் கரண்டு எதுக்கு? சரி, இழுத்துக்க. பொழச்சுப் போ."

இது 2009இல். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவன் தொழில் பாட்டு ஏற்றுவது. அப்போதெல்லாம் எங்களில் யாரிடமும் இணையம் கிடையாது. எல்லோரிடமும் போன் இருந்தது. மெமரி கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டுவார்கள். திருமணப் பாட்டு வேண்டும், அபிஜான் ஆட்டப் பாட்டு வேண்டும், மார்க்கச் சொற்பொழிவு வேண்டும் என்பார்கள். ஏற்றிக் கொடுப்பான். அந்தச் சந்தில் இப்படி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் சின்னப் பெயர்ச்சீட்டு ஒன்று உண்டு. டேக் என்போம். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், தொகுப்பின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பாட்டு ஓடும்போது போன் திரையில் தெரிவது அதுதான். பாட்டு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் செய்த ஒரு காரியம், பாடியவர் பெயரை அழித்துவிட்டுத் தங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதியது. பாட்டு புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி எங்கெங்கோ போகும். போகிற இடமெல்லாம் கடைக்காரன் பெயரும் போகும். தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

சுமேலுவின் மனைவி ஸெனாபு. அவன் பமாக்கோவுக்கு வந்த பிறகும் அவள் காவோவிலேயே, தன் தாயோடு ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைக்கு நானா என்று பெயர். ஸெனாபு கல்யாண வீடுகளில் பாடுவாள். பாட்டு அவள் பிழைப்பு இல்லை, பாட்டுக்காரக் குடும்பமும் இல்லை. ஆனால் கவிழ்த்த சுரைக்குடுக்கையைத் தட்டிக்கொண்டு அவள் குரலெடுத்தால், சமையல்காரர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று சுமேலு சொல்வான். அவளை நான் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். உயர்ந்த குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் சிரிப்பு.

அவள் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண்களுக்கு நடந்த மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். முதலில் எழுதப் பழகியது தன் பெயரைத்தான். ஸெனாபு அல்ஹுசெய்னி என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதினால் ஒரு எழுத்தின் தலையில் சாய்ந்த சிறு கோடு வரும், இன்னொன்றின் தலையில் இரண்டு புள்ளி வரும். அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் கடைசியில், பேனாவைத் தூக்கி, நின்று நிதானமாக வைப்பாளாம். ரொட்டி வைக்கும் கூடையில்கூடக் கரியால் அப்படி எழுதி வைத்திருந்தாள்.

2010இல் பெருநாளுக்கு ஊருக்குப் போன சுமேலு, உறவுக்காரர் கல்யாணத்தில் அவள் பாடியதைப் போனில் பதிவு செய்தான். பமாக்கோ வந்ததும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மற்றப் பாட்டுகளைப் போலவே பெயர்ச்சீட்டில் 'சுமேலு காவோ பாட்டுக் கடை' என்றும் போன் நம்பரையும் எழுதினான். பழக்கதோஷம். வடக்கே இருந்து வந்த வாடிக்கையாளர்களின் கார்டில் சும்மா சேர்த்துக் கொடுத்தான்.

அந்தப் பாட்டு ஓடியது. மூன்று மாதத்தில் சந்தையில் தேநீர் விற்கிறவன் போனில் கேட்டேன். ஊருக்குள் ஓடும் பச்சை வேனில் டிரைவர் போட்டுக்கொண்டு போனான். பக்கத்து நாடுகளில் நியாமேயிலிருந்தும் அபிஜானிலிருந்தும் சுமேலுவுக்குப் போன் வந்தது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: சுமேலு யார், அந்தப் பாட்டுக்காரம்மா யார், எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவாளா? அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தில் அவனுக்குப் 'பாட்டு சுமேலு' என்று பெயர் வந்துவிட்டது.

அடுத்த பெருநாளுக்குப் போய்விட்டு வந்தவன், அங்கே நடந்ததை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். யாரோ ஒருத்தியின் போனில் தன் பாட்டு ஓடுவதை ஸெனாபு பார்த்திருக்கிறாள். திரையை எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கிறாள்.

"அதுல எம் பேரு எங்க?"

"இடம் பத்தாது புள்ள. மொத்தம் முப்பது எழுத்துதான் எழுதலாம்."

"முப்பதா?" அவள் விரல்விட்டு எண்ணினாள். "உன் நம்பர் மட்டுமே எட்டு. கடைன்னு வேற போட்டிருக்க. அதை எடுத்தா நான் தாராளமா உள்ள வருவேன். எம் பேரு பத்தொம்பதுதான்."

அடுத்த தடவை மாற்றிவிடுகிறேன் என்று இவன் சொல்லியிருக்கிறான். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டி சுடுகிறவள் எழுத்தை எண்ணுகிறாள் பார் என்று சொல்லிச் சுமேலு சிரித்தான். நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது, சிரித்தேன்தான்.

அடுத்த வருடம் வடக்கே எல்லாம் கைமாறிப்போயிற்று. ஆயுதம் ஏந்தியவர்கள் ஊருக்குள் வந்தார்கள். முதலில் ஒரு கூட்டம், அதை விரட்டிவிட்டு இன்னொரு கூட்டம். பாட்டு கூடாது என்றார்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்திப் போனை வாங்கிப் பார்த்தார்கள். கார்டைப் பிடுங்கிப் போட்டு மிதித்தார்கள். சுமேலு தினமும் காவோவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருப்பான். சில நாள் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. வந்துவிடு என்று கெஞ்சினான். அம்மா வர மறுக்கிறாள் என்று ஸெனாபு தள்ளிப்போட்டாள். கடைசியில் ஆகஸ்டில், மூன்று வயதுக் குழந்தையோடும் சுமேலுவின் அக்கா ஹம்சத்துவோடும் பஸ் ஏறினாள். அம்மா வரவில்லை.

ஏறும்போதே அவளுக்குக் காய்ச்சல் இருந்தது. மழைக்காலத்துக் காய்ச்சல், எல்லோருக்கும் வருவதுதான். வழியில் நிறுத்தி நிறுத்திச் சோதனை. பாதி வழியில் இருக்கும் செவாரே ஊருக்கு வந்து சேர்வதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அங்கே உறவுக்காரர் ஒருவர் வீட்டில் படுக்க வைத்தார்கள். ஹம்சத்து போன் செய்ததும் சுமேலு கம்ப்யூட்டரை அணைக்கக்கூட இல்லாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினான். நான்தான் அணைத்துத் துணி போட்டு மூடினேன். அவன் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸா தொழுது அடக்கம் முடிந்து அரைநாள் ஆகியிருந்தது.

அந்த மாதம் அங்கே அடக்கம் செய்யும் இடத்தில் புதிய கபர்கள் நிறைய இருந்தன. ஓடி வந்தவர்கள் பலர் அங்கேயே முடிந்துபோயிருந்தார்கள். உறவுக்காரர் ஒரு மண்மேட்டைக் காட்டினார். பெண்கள் கபர் வரைக்கும் போவதில்லை என்றாலும், தூரத்தில் நின்று பார்த்த ஹம்சத்து அது இல்லை, பக்கத்தில் இருப்பது என்றாள். சுமேலு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓதிவிட்டு வந்தானாம்.

பத்து நாள் கழித்துச் சந்துக்கு வந்தான். கூட நானாவும் வந்தாள். சந்தில் இருந்த எல்லோரும் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கேலி முறைக்காரர்கள் சாவு வீட்டிலும் கேலி பேசுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். அந்தப் பாட்டுக் கோப்பைத் திறந்து, தன் பெயரை அழித்து, அவள் பெயரை எழுதினான். கோடும் புள்ளியும் சேர்த்து. தன் போனில் ஏற்றிப் பாட்டை ஓடவிட்டுப் பார்த்தான். பிறகு போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"தோமோ, போகமாட்டேங்குது."

"எது?"

"எம் பேரு."

திரையில் பழையபடி 'சுமேலு காவோ பாட்டுக் கடை'. கம்ப்யூட்டரில் ஸெனாபு என்று இருந்தது, போனில் சுமேலு என்று இருந்தது. மறுபடி அழித்தான், மறுபடி எழுதினான், மறுபடி ஏற்றினான். போன் மாறவில்லை.

எனக்குப் போனின் வயிறு தெரியுமே தவிரப் பாட்டுக் கோப்பின் வயிறு தெரியாது. ஆனாலும் இரண்டு பேருமாக உட்கார்ந்து நோண்டினோம். முதலில் பிடிபட்டது, போன் ஒரு தடவை கார்டைப் படித்துப் பட்டியல் போட்டுக்கொண்டால் பிறகு அந்தப் பட்டியலையே காட்டும், கோப்பைத் திரும்பப் பார்க்காது என்பது. பட்டியலை அழித்தோம். அப்போதும் சுமேலுதான் வந்தான். கடைசியில் சந்து முனையில் பாட்டு ஏற்றுகிற இன்னொருவன் சொல்லித்தான் தெரிந்தது: ஒரே கோப்பில் இரண்டு பெயர்ச்சீட்டு இருக்கலாம். பழைய மாதிரி ஒன்று கோப்பின் வாலில், முப்பது எழுத்து அளவுக்கு. புது மாதிரி ஒன்று தலையில், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். முன்பு சுமேலு வைத்திருந்த புரோகிராம் வாலில் எழுதியது, இப்போது கம்ப்யூட்டரில் இருந்த புதியது தலையில் எழுதியது. எங்கள் மக்கள் வைத்திருந்த மலிவு போன்கள் வாலைத்தான் படித்தன.

"அப்ப இடம் இருந்திருக்கு" என்றான் சுமேலு. "தலையில எழுதியிருந்தா ரெண்டு பேர் பேரும் பூராவா எழுதியிருக்கலாம்."

அவன் அதை என்னிடம் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னான்.

வாலிலும் பெயரை மாற்றினோம். இப்போது சுமேலு போய்விட்டான். ஆனால் அவள் பெயர் சரியாக வரவில்லை. கோடு வைத்த எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல். புள்ளி வைத்த எழுத்தின் இடத்தில் ஒரு வெற்றுக் கட்டம். இன்னொரு போனில் போட்டுப் பார்த்தால் பெயர் முழுக்கவே கட்டம் கட்டமாக வந்தது. எனக்கு அலுத்துப்போயிற்று. கோட்டையும் புள்ளியையும் விட்டுவிட்டு மொட்டையாக எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

"அவ அப்படி எழுதமாட்டா."

அவள் ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பது போலச் சொன்னான். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. தினமும் அதே வேலையாக இருந்தான் என்று சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் வருவார்கள், பிழைப்பைப் பார்க்க வேண்டும், குழந்தைக்குச் சோறு ஊட்ட வேண்டும். வேலை ஓய்ந்த நேரத்தில் அதைத் திறந்து வைத்துக்கொள்வான். பழுதுக்கு என்று என்னிடம் வரும் ஒவ்வொரு போனையும் கேட்டு வாங்கி, அந்தப் பாட்டை அதில் போட்டுப் பார்ப்பான். எந்தப் போன் எந்த எழுத்தைத் தின்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வான். 2013 நோன்பு மாதத்தில் ஒருநாள் வழி பிடிபட்டது. வாலில் பழைய போன்களுக்குப் புரிகிற முறையில் ஒரு தடவை எழுத வேண்டும். தலையில் புதுப் போன்களுக்குப் புரிகிற வேறொரு முறையில் இன்னொரு தடவை எழுத வேண்டும். மூன்று போன்களை மேசையில் வரிசையாக வைத்து ஓடவிட்டோம். மூன்றிலும் ஸெனாபு அல்ஹுசெய்னி. கோடு சரியாகச் சாய்ந்திருந்தது. இரண்டு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தன.

வாசித்துச் சொல் என்றான். வாசித்தேன். இன்னொரு தடவை என்றான். வாசித்தேன். பிறகு மூன்று போனையும் ஒவ்வொன்றாக அணைத்தான். பாங்கு சொல்லும் நேரம் வந்துவிட்டது. நோன்புக் கஞ்சியைக் குடித்தோம். அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். வேலை முடிந்த அசதிதான் இருந்தது.

அதற்குள் வெளியே எத்தனை ஆயிரம் போன்களில் பழைய பாட்டு இருந்தது என்று யாருக்குத் தெரியும். போன் வந்துகொண்டே இருந்தது. அகதி முகாம்களிலிருந்து, அபிஜானிலிருந்து, கானாவில் வேலை செய்யும் சொங்காய்க்காரர்களிடமிருந்து. கல்யாணம் வைத்திருக்கிறோம், பாட்டுக்காரம்மா வருவாங்களா? ஒவ்வொருவரிடமும் அவள் இறந்துவிட்டாள் என்று இவன் சொல்ல வேண்டியிருந்தது. நம்பரை மாற்றிவிடு என்று நான் பலமுறை சொன்னேன். கேட்கவில்லை. மறுமுனையில் இருப்பவர் "இன்னா லில்லாஹி" சொல்லும்வரை பொறுத்திருந்துவிட்டு, பாடியது யார் என்று பெயரைச் சொல்வான். அந்தப் போனை எடுத்துக்கொண்டு எப்போதாவது பமாக்கோ வந்தால் தன்னிடம் வரச் சொல்வான், சும்மாவே மாற்றித் தருவதாக. வந்தவர்கள் கொஞ்சம் பேர். வராதவர்களே அதிகம்.

பிறகு அவனே தேடிப்போக ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வடக்கு பஸ்கள் வந்து நிற்கும் நிலையத்துக்குப் போவான். இறங்குகிறவர்களிடம், அண்ணே, உங்கள் போனில் இந்தப் பாட்டு இருக்கிறதா, கொஞ்சம் காட்டுங்கள் என்பான். ஒருநாள் நானும் கூடப் போனேன். மூட்டையோடு இறங்கிய ஒரு வயசாளியிடம் கேட்டான். அவர் போன் இருந்த சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"இங்கயுமா? இங்க வந்தும் பாட்டு இருக்கான்னு தேடுவீங்களா?"

சுமேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது, தான் கேட்கிற கேள்வி எப்படிப்பட்டது என்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டான். மூட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் அவரை வேனில் ஏற்றிவிட்டான். அதோடு நிலையத்துக்குப் போவதை விட்டுவிட்டான்.

அந்த வருடக் கடைசியில் ஒரு பெண் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்து பார்த்தால் அதில் ஸெனாபுவின் பாட்டு. பாடியவர் இடத்தில் வேறொரு பாட்டுக் கடைக்காரனின் பெயர், நம்பர். எங்கள் சந்திலேயே அந்தப் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருப்பவன். சுமேலு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் போன வேகத்தைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன். பாதிச் சந்தில் நின்றுவிட்டான். வறுத்த வேர்க்கடலை விற்கும் பெண்ணின் தட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"நான் போய் என்னன்னு கேப்பேன், தோமோ? எம் பொண்டாட்டி பேரை ஏன் அழிச்சேன்னா? அவன் அழிச்சது எம் பேரைத்தானே."

திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கார்டைச் சரிசெய்து கொடுத்தான்.

நானா வளர்ந்தாள். ஹம்சத்து அத்தைதான் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தை நேராகச் சந்துக்கு வந்துவிடும். என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து பழைய போன்களின் பொத்தான்களைக் கோத்து விளையாடும். நான் அவளை 'என் மருமகளே' என்பேன், அவள் என்னை 'வெங்காய மாமா' என்பாள். அவள் ஏழு வயதில் நன்றாக வாசிக்கப் பழகியிருந்தாள். ஒருநாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் யாரோ கேலி செய்திருக்கிறார்கள், உன் அத்தா பொம்பளைக் குரலில் பாடுகிறார் என்று. அவர்கள் வீட்டுப் போனில் பாட்டு இருந்திருக்கிறது, கூடவே சுமேலு என்ற பெயரும்.

"அத்தா, நீங்க அப்படிப் பாடுவீங்களா?"

"அது நான் இல்லம்மா. அது உங்கம்மா."

"அம்மாவா? அப்புறம் ஏன் உங்க பேரு?"

சந்தில் எத்தனையோ சத்தம். நான் ஈயம் பற்றவைக்கும் ஊசியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று நினைத்தேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லலாம், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது போதும்.

"நான்தான் எழுதினேன். உங்கம்மா பேரை விட்டுட்டு எம் பேரை எழுதினேன். அவ கேட்டா. நான் சிரிச்சேன்."

நானா அழவில்லை. பையைத் திறந்து வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு தன் நோட்டுகளில் பெயர் எழுதும்போது அம்மா பெயரையும் சேர்த்து எழுத ஆரம்பித்தாள். ஆசிரியர் ஏன் என்று கேட்டதற்கு, இடம் இருக்கிறதே என்றாளாம்.

அதே வருடம் நியாமேக்குப் பக்கத்து முகாமிலிருந்து ராமத்து என்று ஒருத்தி போன் செய்தாள். அவளும் பாட்டில் இருந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். சுமேலு வழக்கமான பதிலைச் சொன்னதும் மறுமுனையில் நெடுநேரம் அழுகைச் சத்தம். பிறகு சொன்னாள்: 2012 பிப்ரவரியில், காவோவில் எல்லாம் தலைகீழாவதற்கு ஒரு மாதம் முன்னால், அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஸெனாபு அக்கா வந்து பாடினாள். ராமத்துவின் தம்பி போனில் அதைப் பதிவு செய்தான். போன்களைச் சோதிக்க ஆரம்பித்தபோது ராமத்து கார்டைக் கழற்றித் தலைப்பின்னலுக்குள் வைத்துப் பின்னிக்கொண்டு எல்லை தாண்டினாள். அந்தக் கார்டு இன்னும் இருக்கிறது.

துணி வியாபாரி ஒருவர் மூலமாகக் கார்டு பமாக்கோ வந்துசேர ஒரு மாதம் ஆயிற்று. சுமேலு அதைக் கம்ப்யூட்டரில் போட்டான். கோப்புக்குப் பெயர் இல்லை, 'குரல் 014' என்று போன் தானாக வைத்த எண்தான். காதில் மாட்டும் ஒயரில் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் நீட்டினான். தனியாகக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை போலும்.

கல்யாண இரைச்சல். குழந்தைகள் கத்துகிற சத்தம். சுரைக்குடுக்கை ஓசை. பிறகு அந்தக் கரகரப்பு. மணப்பெண்ணைப் புகழ்ந்தாள், மணப்பெண்ணின் தாய்மார்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தாள், குடுக்கை தட்டுகிறவளைக் கேலி செய்தாள். பாட்டு ஓரிடத்தில் தணிந்தது. தாளத்தை விடாமல், பேசுவது போலப் பாடினாள். சொங்காய் மொழி எனக்கு அரைகுறைதான், ஆனால் அது புரிந்தது.

"இதைப் பாடுறது ஸெனாபு. அல்ஹுசெய்னி மக ஸெனாபு. போன்ல புடிக்கிறவங்களே, நல்லாக் கேட்டுக்குங்க. ஸெனாபு அல்ஹுசெய்னி. அப்படி ஒண்ணும் நீளமான பேரு இல்ல."

பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்தாள்.

சுமேலு ஒயரைக் காதிலிருந்து எடுத்தான். மணி என்ன என்று என்னிடம் கேட்டான். பதினொன்று என்றேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று நாள் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காய்ச்சல் என்று ஹம்சத்து சொன்னாள். தொட்டுப் பார்த்தேன், உடம்பு சுடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மைகா வீட்டு ஆட்கள் எல்லாம் சோம்பேறிகள், வேலைக்காரனைப் பாயில் படுக்க விட்டது என் தப்பு என்றேன். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நாலாம் நாள் வந்தான். அந்தப் பதிவை எடுத்து, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, தலையிலும் வாலிலும் அவள் பெயரை எழுதி, சந்தில் இருந்த எல்லாப் போனிலும் போட்டுப் பார்த்தான். அதன் பிறகு அவனிடம் வந்த ஒவ்வொரு கார்டிலும் முதல் பாட்டாக அதைத்தான் ஏற்றிக் கொடுத்தான். ஆனால் மக்கள் கேட்டது பழைய பாட்டைத்தான். புதியதில் சத்தம் அதிகம், தெளிவாக இல்லை என்று தள்ளிவிட்டுப் போனார்கள். ஒருவன் திரும்பி வந்து, இது எதுக்குங்க, இடத்தை அடைக்குது என்று அழிக்கச் சொன்னான். சுமேலு அழித்துக் கொடுத்தான்.

2018 குளிர்காலத்தில், ஸெனாபுவின் தாய்க்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்று செய்தி வந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. சுமேலு நானாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு காவோவுக்கே போய்விட முடிவு செய்தான். பாதை சரியில்லை, குழந்தையை வைத்துக்கொண்டு போகாதே என்று நான் தடுத்துப் பார்த்தேன். மாமியாருக்கு இருக்கும் ஒரே பேத்தி என்றான். கம்ப்யூட்டரை ஒருவன் வாங்கிக்கொண்டான். எந்தப் போனுக்கு எந்த எழுத்து என்று குறித்த நோட்டை என்னிடம் கொடுத்தான். போகும் வழியில் செவாரேயில் ஒருநாள் தங்கினார்கள். கபர்கள் இருந்த இடத்தைச் சுற்றி இப்போது சுவர் எழுப்பியிருக்கிறார்கள், உள்ளே நிறையப் பெருகிவிட்டது, எது என்று சொல்லவே முடியவில்லை என்று போனில் சொன்னான். மொத்தத்துக்குமாக ஓதிவிட்டு வந்தோம் என்றான்.

காவோவில் இப்போது சூரியத் தகடு வைத்துப் போன்களுக்கு சார்ஜ் ஏற்றிக் கொடுக்கிறான். மாமியாரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது, வருவது எல்லாம் அவன்தான். மாதத்துக்கு ஒரு தடவை பேசுவோம். வெங்காய விலை என்ன என்று கேட்பான். மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டாயா என்று கேட்பேன். முன்பு போல அதற்கு மேல் வளராது. லைன் இரைச்சல் வேறு.

போன வாரம் பேசியபோது நானாவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குக் குரல் எப்படி, பாடுகிறாளா என்று. கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"பாடுறதில்ல தோமோ" என்றான். "கேட்டா, வராதுங்கிறா. கணக்கு நல்லா வருது. வகுப்புல அவதான் முதல்."

நல்லது என்றேன். அவனும் நல்லது என்றான். பாட்டி கூப்பிடுகிறாள், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.